ரேந்தைத் திண்டும் முத்திரிக் கிணறும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் வந்தாள். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளோடு படிக்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் வாசித்துப் பேசுகிறார்கள். இந்த மாதத்துப் புத்தகம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. சிறை, போலீஸ் இவற்றை ஒழிப்பது பற்றியும், சமூகப்பணியைக் காலனியப் பிடியிலிருந்து மீட்பது பற்றியும் பேசுகிறது. கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கேட்டாள்: “சித்தி, இதெல்லாம் அமெரிக்கக்காரங்களுக்குள்ள பிரச்சினையாக்கும். நாகர்கோவில்ல உக்காந்து நாங்க எதுக்கு வாசிக்கணும்?”

நல்ல கேள்வி. சாயா ஆறும்வரை பேசலாம் என்று ஆரம்பித்தது, இரண்டாம் தடவை அடுப்பில் பாத்திரம் வைக்கும்வரை போயிற்று. அன்று அவளிடம் சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ஒழிப்பு’ நமக்குப் புதிய சொல்லே கிடையாது. ஜமீன் ஒழிப்பு, தீண்டாமை ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு என்று நம் சட்டப் புத்தகமே ஒழிப்பால் நிறைந்திருக்கிறது. இன்னொரு சொல்லும் இருக்கிறது: ஊழியம். இன்று நம் மாவட்டத்தில் ஊழியம் என்றால் சபை வேலை, சமூக ஊழியர் என்றால் மக்களுக்கு உழைக்கிறவர். நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருளும் இருந்தது. சர்க்காருக்கும் கோயிலுக்கும் கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய வேலைக்கு ஊழியம் என்று பெயர். கூப்பிட்டால் போகவேண்டும், சுமக்கச் சொன்னதைச் சுமக்கவேண்டும். கட்டாய வேலையும் தொண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்த ஊர் இது. சமூகப்பணி படிக்கிற பிள்ளை இதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்த பக்கத்தைத் திருப்பவேண்டும் என்பது என் எண்ணம்.

“அடிமைன்னா நம்ம ஊர்ல நெசமாட்டே வித்தாங்களா?” என்றாள்.

விற்றார்கள் மக்களே, ஓலை எழுதி விற்றார்கள். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் காத்துவைத்த ஓலைகளில் அடிமை விற்ற ஓலைகள் உண்டு. அ.கா. பெருமாள் அந்த ஓலைகளை நூலாக்கித் தந்திருக்கிறார். நாஞ்சில் நாட்டின் பழைய ஆவணங்களை முதலில் தேடிப் பார்த்தவர்களில் கவிமணியும் ஒருவர். கேரளக் கரையெங்கும் மனிதரைக் கைமாற்ற மூன்று வழி இருந்தது. மொத்தமாக விற்றால் ஜென்மம், கடனுக்கு ஈடாகக் கொடுத்தால் காணம், வாடகைக்கு விட்டால் பாட்டம். மூன்றும் நிலத்துக்கு உள்ள சொற்கள். இன்றைக்கும் தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு எடுக்கிறோம். அதே சொல்லால் ஒரு குடும்பத்தையும் எடுத்தார்கள். தோப்புக்குத் தேங்காய் எப்படியோ, அப்படி வாங்கினவனுக்கு அந்தக் குடும்பத்தில் பிறக்கிற பிள்ளையும் சேர்மானம்.

1836-ல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்குப்படி மொத்தம் 12,80,000 பேர் சொச்சம்; அதில் அடிமைகள் 1,64,000-க்கு மேல். எட்டுப் பேருக்கு ஒருவர். புலையர், பறையர், குறவர் என்று சாதியோடு பிறந்த அடிமைத்தனம் அது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த நம் வயல்களில் நாற்று நட்ட கைகள் அவர்களுடையவை. நெல் யார் பத்தாயத்துக்குப் போனது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒழிப்பு தவணை தவணையாக வந்தது. 1812-ல் ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சியில், கர்னல் மன்றோ திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்தபோது, அடிமைகளை வாங்கவும் விற்கவும் தடை வந்தது. விவசாய அடிமைகளுக்கு மட்டும் அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தார்கள். அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் வயலில்தானே இருந்தார்கள்! அடுத்து 1853-ல், சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கிற பிள்ளைகள் சுதந்திரர் என்று ஒரு விளம்பரம். கடைசியில் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், 1855 ஜூன் 24-ம் தேதி முழு விடுதலை அறிவிப்பு.

“அப்போ ஒழிஞ்சாச்சுல்லா?” என்று கேட்டாள். புத்தகத்தின் மையமே அந்தக் கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு திண்டைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது.

நாகர்கோவில் ரேந்தையைப் பார்த்திருப்பீர்கள். கடையில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், பின்னுவதைப் பார்த்தவர்கள் இப்போது குறைவு. உருண்டைத் திண்டு ஒன்றை மடியில் வைத்து, அதன்மேல் புள்ளிக்கோல மாதிரி துளையிட்ட அட்டையை விரித்து, துளைக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டே போவார்கள். நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இரண்டு கையும் அந்தக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும்போது ஒரு கடகட ஓசை வரும். ஒரு விரற்கடை அகலம் பின்ன ஒரு காலைப்பொழுது போய்விடும். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் தம் பெண்கள் விடுதிப் பள்ளியில் இதைக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். ரேந்தை விற்ற காசைச் சேர்த்து, எசமானுக்குக் கொடுத்து, சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கினார்கள்.

இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். மிஷன் வரலாற்றில் இது ஒரு வெற்றிக் கதை. அதில் உண்மை இருக்கிறது. படிப்பும் கைத்தொழிலும் கையில் காசும் அந்தப் பெண்களுக்கு அதுவரை யாரும் தராதவை. ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கண் நோகப் பின்னி, யாரோ ஒரு சீமைப் பெண்ணின் சட்டைக் கழுத்துக்கு அழகு சேர்த்து, அந்தக் கூலியைத் தன் உடம்புக்கு விலையாகக் கட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறவர் அவளிடமும் அவள் தாயிடமும் அதுவரை சும்மா வேலை வாங்கியவர். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1833-ல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அது முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது. அதற்காக வாங்கிய கடன் 2015-ல்தான் தீர்ந்தது என்றால் நம்ப முடிகிறதா? பாடுபட்டவர்களுக்கு ஒரு காசு இல்லை. நாகர்கோவில் பெண் தன் விலையைத் தானே கட்டினாள், ஜமைக்கா எசமானுக்கு அரசாங்கம் கட்டியது. இரண்டு இடத்திலும் பணம் போன திசை ஒன்றே.

இங்கே நான் அவளிடம் ஒன்று கேட்டேன். “உங்க பாடத்துல அந்தப் பொண்ணுக்கு என்ன பேரு?” யோசித்துவிட்டு, “பயனாளி” என்றாள். மால்ட் அம்மாளுக்கு வரலாற்றில் பெயர் இருக்கிறது, தன் விடுதலையை வாங்கியவளுக்குப் பயனாளி என்ற பட்டம்தான். காலனிய நீக்கம் என்று அந்தப் புத்தகம் பக்கம் பக்கமாகப் பேசுவதில் ஒரு பெரும் பங்கு இதுதான். உதவி செய்தவர் கதாநாயகர், வாங்கியவர் எண்ணிக்கை என்று எழுதிப் பழகிய கணக்கைத் திருத்துவது.

மிஷனரிகள் வந்த கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார், பள்ளிக்கூடம் வந்தது, எழுத்து வந்தது என்று ஆரம்பிப்பார்கள். அவரைக் கூப்பிட்டது யார்? மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவர். இங்கிருந்து தஞ்சாவூர்வரை போய், அங்கே திருச்சபையில் சேர்ந்து, ஊர் திரும்பி, ஆள் அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டவர். கேட்ட மனிதரை முன்னே வைத்துச் சொன்னால் அதே கதை வேறு கதையாகிறது. நான் மிஷன் பள்ளி போட்ட எழுத்தில் படித்தவள். அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றி இருக்கிறது என்பதற்காகக் கணக்கு கேட்காமல் இருக்க முடியாது.

சரி, 1855-க்குப் பிறகு என்ன ஆயிற்று? விளம்பரம் படித்த மறுநாள் காலையில் விடுதலை பெற்றவர் எங்கே போவார்? நிலம் அவர் கைக்கு வரவில்லை. குடிசை நின்றது எசமான் வரப்பில். பொது வழியில் நடக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள். அடிமை போன ஆத்திரம் வேறு இடத்தில் வெடித்தது. 1858-59-ல், மேலாடை உரிமைக்கான தோள்சீலைக் கலகம் மீண்டும் மூண்டு, சந்தைக்குப் போன நாடார் பெண்களின் மேலாடையை இழுத்துக் கிழித்தார்கள். நிலக்காரர்களின் அந்த ஆத்திரத்துக்கு 1855 விளம்பரமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1859 ஜூலை 26-ல் மேலாடை போட அனுமதி வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனையோடு! சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்க 1926-ல் சத்தியாகிரகம் செய்யவேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழைய 1936 நவம்பர் 12-ம் தேதி அறிவிப்புவரை காத்திருந்தார்கள். அடிமை ஒழிந்து 81 வருடம் கழித்து.

அமெரிக்காவிலும் இதே கதைதான் என்பது அந்தப் புத்தகத்தின் வாதம். டூபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1935-லேயே இதை விரிவாக எழுதினார். அடிமை முறையை நீக்கினால் போதாது, விடுபட்டவருக்கு நிலமும் பள்ளியும் ஓட்டும் உறுதிசெய்கிற அமைப்புகளைக் கட்டினால்தான் ஒழிப்பு முடிவடையும் என்றார். அங்கே அடிமை முறையை ஒழித்த 1865-ம் ஆண்டின் சட்டத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்குவதை மட்டும் விட்டுவைத்தது. அந்த ஓட்டை வழியாகச் சிறைகள் நிரம்பின. ஏஞ்சலா டேவிஸ் போன்ற அமெரிக்கப் போராளிகள் ‘சிறை ஒழிப்பு’ என்று பேசத் தொடங்கியது அங்கிருந்துதான். பிரிட்டிஷ் இந்தியாவிலும் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. 1859-ம் வருடத்து ஒரு சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பலாம். அடிமை என்ற சொல் போய், ஒப்பந்தம் என்ற சொல் வந்தது.

இனி, ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறது. அதை ஏற்படுத்திய அய்யா வைகுண்டர் 1809-ல் பிறந்தார், 1851-ல் மறைந்தார். அதாவது அடிமை விடுதலை விளம்பரத்துக்கு நாலு வருடம் முன்பே. எந்தச் சாதிக்காரர் எந்தக் கிணற்றைத் தொடலாம் என்று விதி இருந்த நாளில், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் கோரிக் குளிக்க அங்கே வழி செய்தார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் செய்தார். தலையில் துண்டு கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். கடலோரம் வாகைப்பதியில் குடும்பம் குடும்பமாக வந்து தங்கித் துவையல் தவசு செய்தார்கள். துணியைத் துவைத்து, குளித்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து வணங்கி வாழும் பழக்கம். பதி என்கிற வழிபாட்டு இடத்தில் சிலைக்குப் பதில் கண்ணாடி. வணங்க வந்தவர் தன் முகத்தைப் பார்க்கிறார். சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. பின்னால் விட்டது.

அவர் இரண்டு எதிரிகளைப் பெயர் சொல்லிக் கண்டித்தார் என்பதைக் கவனியுங்கள். 1841-ல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானையில் திருவிதாங்கூர் அரசன் கலிநீசன், வெள்ளையன் வெண்நீசன். உள்ளூர் ராஜாவிடமிருந்து காப்பாற்று என்று வெள்ளையனிடம் கெஞ்சவில்லை. வெள்ளையனை எதிர்க்கிறேன் என்று உள்ளூர்ச் சாதியை மறைக்கவும் இல்லை. காலனிய நீக்கம் பேசுகிற பலர் இன்று வழுக்கி விழுகிற இடம் இதுதான். அந்நியச் சரக்கைத் தூக்கி எறிகிறேன் என்று ஆரம்பித்து, பழைய சாதி மரபைத் ‘தேசிய மரபு’ என்று தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள். அந்த வாசிப்பு வட்டத்தில் யாராவது அப்படிப் பேசினால் முத்திரிக் கிணற்றைக் காட்டு என்று அவளிடம் சொன்னேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வெங்ஙானூரில், புலையர் தலைவர் அய்யன்காளி பிறந்தது 1863-ல், விடுதலை விளம்பரம் வந்து எட்டு வருடம் கழித்து. 1893-ல் தடுக்கப்பட்ட பொது வழியில் வில்வண்டி ஓட்டினார். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். கூலிக்காக நடக்கிற வேலைநிறுத்தம் தெரியும். பிள்ளைகள் படிப்புக்காக விவசாயக் கூலிகள் பட்டினி கிடந்த வேலைநிறுத்தம் உலகத்தில் எத்தனை? இதைச் சமூகப்பணிப் பாடத்தில் எந்தத் தலைப்பில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். பாடத்திலேயே இல்லை என்றாள்.

பாடத்தில் இருப்பது எங்கிருந்து வந்தது? 1936-ல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரில் தொடங்கிய பள்ளிதான் இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்விக்கூடம். அதற்கு வித்திட்டவர் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. சென்னைச் சமூகப்பணிப் பள்ளி 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் வந்தது. நல்லவர்கள், உழைத்தவர்கள். ஆனால் தனிமனிதரை ஒரு கேஸாக எடுத்து, பேட்டி கண்டு, குறை எங்கே என்று எழுதி, கோப்பு திறக்கிற முறை அமெரிக்க நகரங்களில் உருவானது. வேலை இல்லாதவனுக்கு என்ன குறை என்று அந்தக் கோப்பு கேட்கும், நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்காது.

கோப்போடு போலீசும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவரை போகவேண்டாம். மதுரைக்குப் போனால் போதும். 1871-ல் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று வெள்ளையர் போட்டார்கள். ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி. அது சென்னை மாகாணத்துக்கு வந்தபின், கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்தார்கள். அதே காலத்தில் அதே ஊர்களுக்குக் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிக்கூடங்களும் வந்தன. ஒரு கையில் ரேகை மை, இன்னொரு கையில் சிலேட்டு. ஆந்திரப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் மாதிரியான குடியிருப்புகளை இரட்சணிய சேனை நடத்தியது. அங்கே இருந்தவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகமுடியாது. அதே இரட்சணிய சேனை நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனை வைத்து எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. இரண்டும் உண்மை. அந்தச் சட்டம் 1952-ல் போயிற்று, சந்தேகப் பார்வை போகவில்லை.

அது இன்னும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு ஒன்று. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபர் 3-ம் தேதி. துப்புரவு வேலை இன்ன சாதிக்கு என்று சிறைக் கையேடுகளிலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்துவைத்த பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்ட வழியில்லாதவர்கள் அதில் எத்தனையோ பேர்.

இவ்வளவும் கேட்டவள், சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடினமான கேள்வியைக் கேட்டாள். “எல்லாம் சரி சித்தி. ராத்திரி புருசன் அடிக்கான்னு ஒரு அக்கா போன் பண்ணினா நான் போலீஸைக் கூப்பிடப்பிடாதா?”

கூப்பிடணும். 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போடணும், ஆட்டோ பிடிச்சுப் போய் அவளைக் கூட்டிட்டு வரணும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஒழிப்பு பேசுகிறவர்களில் விவரமானவர்கள் யாரும் அவளைத் தனியே விடச் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது காலையில் எழுந்து யோசிக்கவேண்டிய விஷயம். அவளுக்கு ஏன் அந்த ஒரு கதவுதான் இருந்தது? அவள் பெயரில் ஒரு சென்ட் வீட்டுமனை இருந்திருந்தால், பக்கத்துவீட்டுச் சுயஉதவிக் குழுப் பெண்கள் நாலு பேர் முதல் அடி விழுந்த அன்றே வாசலில் வந்து நின்றிருந்தால், பிறந்த வீடு ‘பொறுத்துப் போ’ என்று திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால், அந்த ராத்திரி போன் தேவைப்பட்டிருக்குமா? போலீஸ் வேண்டாம் என்று கோஷம் போடுவது எளிது. அந்த நாலு பெண்களை வாசலில் நிற்கவைப்பது வருடக்கணக்கான வேலை. அதற்குத்தான் சமூகப்பணி படிக்கிறீர்கள்.

அவள் கிளம்பும்போது மழைச்சாரல் விழ ஆரம்பித்திருந்தது. குடையோடு, அ.கா. பெருமாளின் ‘முதலியார் ஓலைகள்’ நூலையும் கையில் கொடுத்தேன். அடுத்த மாதம் வட்டத்தில் இதையும் வாசிக்கிறோம் என்றாள். அதற்கு முந்தின ஞாயிறு எல்லாருமாகச் சுவாமித்தோப்புக்குப் போவதாகவும் சொன்னாள்.

நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் சமூகப்பணி கற்பிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பருவத்தில் அமெரிக்க நகரங்களின் தொண்டு வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், சொல்லிக்கொடுங்கள். அதற்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை ரேந்தை பின்னி விடுதலை வாங்கிய பெண்களுக்கும், பள்ளிக்காக வயலில் இறங்க மறுத்தவர்களுக்கும் கொடுங்கள். களப்பணிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற முதல் நாளை முத்திரிக் கிணற்றில் வையுங்கள். இன்றும் பதிக்குள் போகுமுன் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் போகிறார்கள்.